உன் ஊரின் பெயர் பைட்டா பஸ்தி

இளங்கோ,

நான் இதுவரை எழுதியவற்றில் பெரும்பாலானவை மனுக்கள்தான். பஸ் விடச் சொல்லி, கரண்ட் கேட்டு, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கேட்டு என்று முப்பது வருஷமாக இந்த ஊருக்காக நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மனுவிலும் ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி வரும். இதில் அது வராது. இது அம்மா மகனுக்கு எழுதுவது. ஒளித்து எழுதுவதும் இல்லை. எழுத எழுத, எதிர்வீட்டு அல்பீனா தீதிக்கு ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வருகிறேன். அவளோடு இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விஷயம் அவர்களைப் பற்றியதும்தான் என்பதால் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

போன மாதம் ரங்கத் பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். நல்ல கனமான அட்டை. உன் பெயருக்குப் பக்கத்தில் வித்யாவின் பெயர் அழகாக இருந்தது. உன் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டிருந்தாய், சரி. அதற்குக் கீழே எங்கள் ஊர் என்று ‘கராச்சர்மா, போர்ட் பிளேர்’ என்று இருந்தது. நான் கராச்சர்மாவில் மொத்தமாக இருபது நாள் தங்கியிருப்பேன். உன் அப்பா ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. உடனே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும்.

“அது வெறும் அட்ரஸ்தாம்மா. நான் இப்ப இருக்கறது அங்கதானே?”

“நீ இருக்கறது அங்க. நான் எங்கடா இருக்கேன்?”

“அவங்க வீட்ல எல்லாரும் சர்வீஸ்ல இருக்கறவங்க. மாமா ஹேடோவுல குவார்ட்டர்ஸ்ல இருக்காரு. பஸ்தி பேரப் போட்டா முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் என்குரோச்மென்ட்டான்னு கேப்பாங்க. நான் என்னம்மா சொல்றது?” நீ இன்னொன்றும் சொன்னாய். “ஊர்லேர்ந்து ஒரு நாலஞ்சு பேர் வந்தாப் போதும்மா. எல்லாரையும் கிளப்பிக்கிட்டு வராத.”

“மார்க்குஸ்?” என்று கேட்டேன்.

“மார்க்குஸுக்கு அப்புறம் ஒரு நாள் தனியா சாப்பாடு போட்டுக்கலாம்” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். இல்லை.

சிரிப்பார்கள் என்கிறாயே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான் உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்லி வளர்க்காதது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் குடும்பத்தை அனுப்பினார்கள். என் அப்பா பிறந்ததும் அங்கேதான், அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். ஆனாலும் நீங்கள் இந்தியாக்காரர்கள், உங்கள் ஊருக்குப் போங்கள் என்று கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம். அங்கே அந்தமானில் வேலை இருக்கிறது என்றார்கள், மறுபடியும் கப்பல். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். இந்த இடம் அப்போது மரம் வெட்டுகிற கேம்ப். தோட்டத்தில் இருந்தது போலவே நீளமாக ஒரு லயம், ஆளுக்கு ஓர் அறை. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வங்காளிகள், இரண்டு தெலுங்குக் குடும்பங்கள், நாங்கள். வெட்டிய மரத்தை யானை இழுத்துக்கொண்டு போய்க் கழிமுகத்தில் தள்ளும். இந்தக் காட்டில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் உண்டு, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கோடரி பிடித்தது உன் தாத்தாவின் கைதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வெட்டச் சொன்னது யார் என்று கேட்காமல், கூலிக்கு வெட்டியவனை மட்டும் பார்த்துக் காட்டை அழித்தவன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பிறகு மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். கேம்பை மூடிவிட்டு, மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றார்கள். எந்த மெயின்லேண்டுக்கு? அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் முகாம்தான். என் அப்பா அந்த அதிகாரிக்கு முன்னால் துண்டைக் கையில் எடுக்காமல், தோளிலேயே போட்டுக்கொண்டு சொன்னார்: “ரெண்டு தடவ கப்பலேறிட்டேன் தொரை. மூணாவது தடவ ஏற மாட்டேன்.” அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் துண்டு எங்கே இருந்தது என்று பார்த்தார்.

பதினெட்டுக் குடும்பங்கள் போகாமல் நின்றோம். லயத்தைப் பிரித்துப் போட்டுவிட்டதால் மேட்டில் ஆளுக்கொரு குடிசை கட்டிக்கொண்டு, பள்ளத்தில் நெல் போட்டோம். எனக்கும் உன் அப்பாவுக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் தடவை வந்து இடித்தபோது ஆண்கள் வாக்குவாதம் செய்தார்கள், பயன் இல்லை. இரண்டாவது தடவை ஆண்கள் ரோட்டு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார்கள். இரண்டு தடவையும் அதே கம்புகளைப் பொறுக்கி அதே குழிகளில் நட்டோம். இரண்டாவது இடிப்புக்கு அப்புறம், தார்ப்பாயின் கீழே, நல்ல மழையில் நீ பிறந்தாய். பிரசவம் பார்த்தவள் அல்பீனா தீதி. அவள் மகன் மார்க்குஸுக்கு அப்போது நாலு வயது. உன்னைத் துணியில் சுற்றி முதலில் அவன் மடியில்தான் வைத்தாள்.

உனக்கு ஏழு மாதம் ஆனபோது மூன்றாவது தடவை வந்தார்கள். இந்த முறை யானையோடு. மரம் இழுத்த அதே யானைதான். பெண்கள் எல்லாரும் அதற்கு வாழைத்தண்டு கொடுத்துப் பழகியவர்கள். பகல் பதினோரு மணிக்குள் ஏழு வீடுகள் தரைமட்டம். அது தும்பிக்கையால் நடு உத்திரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வீடு படுத்துவிடும். உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அந்த அதிகாரியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் அல்பீனா தீதி மார்க்குஸை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்குள் வந்தாள். “கர் தோடேகா தோ ஹம் அந்தர் பைட்டேகா” என்றாள். வீட்டை இடித்தால் நாம் உள்ளே உட்காருவோம். அவ்வளவுதான். கூட்டம் கூடிப் பேசவில்லை, யாரையும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பா வாசலில் வந்து நின்று, “பிள்ளைய வச்சுக்கிட்டு என்னடி பண்ற? அவன எங்கிட்டக் குடு” என்று கத்தினார். நான் கொடுக்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. அதை அவர் உயிரோடு இருந்தபோது நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை, உன்னிடம் இப்போது ஒப்புக்கொள்கிறேன். யானை கூரைமேல் தும்பிக்கையை வைத்ததும் உத்திரம் படீரென்று விரிசல் விட்டது. ஓலையும் தூசியும் கட்டெறும்பும் உன் முகத்தில் கொட்டின. நீ மூச்சுப் பிடித்து அலறினாய். அந்த உத்திரம் விழுந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஊருக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்தாள் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் நம்பாதே. பயத்தில் கை இறுகிப் போய், விட முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். யாருக்காகவும் அதை இப்படி நடுவில் வைக்காதே.

உன் அழுகை மேலே இருந்த பாகனுக்குக் கேட்டுவிட்டது. “சாப், அந்தர் பச்சா ஹை” என்று சத்தம் போட்டார். உள்ளே குழந்தை இருக்கிறதாம். இருந்தால் என்ன, இழு என்று கீழேயிருந்து உத்தரவு வந்தது. அந்த மனிதர் யானையைத் திருப்பினார். மெதுவாக ஓடையில் இறக்கி, அந்தப் பக்கம் ஏற்றி, ரோட்டை நோக்கி ஓட்டிக்கொண்டு போனார். அதிகாரி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். அதற்கப்புறம் அந்தப் பாகனை வேலையில் பார்க்கவில்லை என்று ரங்கத்தில் சொன்னார்கள். அவர் பெயர் என்ன என்று நாங்கள் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் அதையும் சேர்க்கிறேன்.

மற்ற வீடுகளிலும் பெண்கள் அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். இடிந்துபோன வீட்டுக்காரிகள் இடிந்த ஓலைமேல் உட்கார்ந்தார்கள். ‘யே லோக் பைட் கயா’, இந்த ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். அதிலிருந்து ஆபீஸ்களில் எங்களைக் கண்டால் ‘பைட்டாவாலா வந்துட்டான்’ என்று சிரிப்பார்கள். முதல் மனு எழுத உட்கார்ந்தபோது ஊருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வங்காளிகள் ஒன்று சொன்னார்கள், தெலுங்குக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், உன் தாத்தா இலங்கையில் இருந்த தோட்டத்தின் பெயரை வைக்கச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் சண்டை. பேனா என் கையில் இருந்தது. நான் ‘பைட்டா பஸ்தி’, உட்கார்ந்தவர்கள் குடியிருப்பு, என்று எழுதிவிட்டேன். கேலி செய்து வைத்த பெயரை நாங்களே எடுத்து வைத்துக்கொண்டோம். மூன்று முறை இடித்தார்கள், நான்கு முறை கட்டினோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உன் ஹேடோ மாமாவிடம் நீ கேட்டிருக்கலாம்.

இன்றைக்கு நாற்பத்தோரு வீடுகள். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் ரோட்டுக்குப் போக முடியாது என்பதால், மனு எழுதிக் களைத்துப்போய் நாமே மரப்பாலம் போட்டோம். வீட்டுக்கு ஓர் ஆள், பதினொரு நாள் வேலை. மாரியம்மன் கரகம் எடுக்கும்போது ராஞ்சிக்காரர்களின் மாந்தர் மேளம்தான் முன்னால் போகும். வருஷா வருஷம் அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு உடுக்கைச் சத்தம் போதவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சர்ச்சில் கோலம் போடுவது நாம். இங்கே சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிணற்றடியில் நடந்த ஒரு சண்டையில் நான் ஒரு வங்காளிப் பெண்ணோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள்தான். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் கண்டு தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது, பின்னால் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடியவளும் நான்தான்.

உன்னைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். உனக்குப் பத்து வயதில் ரங்கத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோமே, பாரத்தில் ஊர்ப் பெயர் என்ற இடத்தில் நான் பக்கத்து ஊர்ப் பெயரை எழுதினேன். பட்டா உள்ள ஊர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய்: “அம்மா, நம்ம பஸ்தி பேர ஏன் எழுதல?” நான் உன் தொடையில் கிள்ளி, “வாய மூடு. எழுதுனா சேத்துக்க மாட்டாங்க” என்றேன். சேர்த்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ, நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. யானைக்குக் கீழே உட்கார்ந்தவளுக்கு ஒரு பாரத்தில் நாலு எழுத்து எழுதத் தைரியம் இல்லை. இந்த வெட்கம் உனக்குப் போர்ட் பிளேரில் ஒட்டியது இல்லை. என்னிடம் கற்றுக்கொண்டது. அதனால்தான் அதை உன்னிடமிருந்து பிடுங்கி எறிகிற பொறுப்பும் என்னுடையது.

உன் அப்பா இறந்த அன்றைக்கு நீ எவ்வளவு தவித்தாய் என்று எனக்குத் தெரியும். அடைமழை, ரோட்டில் மரம் விழுந்து, காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து விடுகிற கான்வாயை நிறுத்திவிட்டார்கள். ஜிர்க்காடாங் கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு நீ எனக்குப் போன் செய்து அழுதாய். இரண்டு நாள் வைத்திருக்க முடியாத நிலைமை. கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு வந்தது. மார்க்குஸ் யாரையும் கேட்கவில்லை. போய் மொட்டை அடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றான். அவர்கள் சர்ச்சில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, நம் ஆட்களிலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. அல்பீனா தீதி எல்லாரையும் பார்த்து, “இவன் கை பிடித்து நடக்கப் பழகியது அந்த மனுஷனிடம்தான்” என்று மட்டும் சொன்னாள். மழையில் விறகு பற்றவில்லை. தன் வீட்டுக் கூரையிலிருந்து காய்ந்த ஓலையை உருவிக்கொண்டு வந்து பற்ற வைத்தான். அவன் வீட்டில் அன்றைக்கு முழுக்க ஒழுகியது. அவனுக்குத்தான் நீ தனியாக ஒரு நாள் சாப்பாடு போடுகிறேன் என்கிறாய்.

போனை வைத்த பிறகு மூன்று நாள் யோசித்தேன். நாலாவது நாள் விடிகாலை பஸ்ஸில் நானும் அல்பீனா தீதியும் போர்ட் பிளேர் வந்தோம். உனக்குச் சொல்லவில்லை. நேராக ஹேடோவுக்கு, வித்யா வீட்டுக்குப் போனோம். நீ கோபப்படுவாய், படு. சம்பந்தி கதவைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் எங்கள் ஊர் எது, அதற்குப் பட்டா இல்லை, அதை நீ சொல்லாமல் விட்டாய் என்று மூன்றையும் சொன்னேன்.

“பட்டாவுக்கு எழுதிப் போட்டிருக்கீங்களாம்மா?” என்று கேட்டார்.

“போட்டிருக்கோங்க.”

“எத்தன வருஷமா?”

“இளங்கோவுக்கு எத்தன வயசோ அத்தன வருஷமா.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “பட்டா இல்லாதது எனக்குப் பெரிசு இல்ல. பையன் மறைச்சதுதான் பெரிசு” என்றார். நான் ஊர்ப் பெயர் வந்த கதையை, யானை வந்தது வரைக்கும் சொன்னேன். அவர் மனைவிதான், “யானை வந்தப்ப உங்களுக்குப் பயமா இல்லியா?” என்று அல்பீனா தீதியிடம் ஹிந்தியில் கேட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து வித்யா வந்தாள். “அத்தை, நான் வந்து பாக்கணும்” என்றாள்.

போன சனிக்கிழமை வித்யாவும் அவள் அம்மாவும் இங்கே வந்தார்கள். ஆம், வந்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நம் பாலத்தில் நடந்தாள். பாதிப் பாலத்தில் நின்று, இதில் உன் அப்பா போட்ட பலகை எது என்று மார்க்குஸிடம் கேட்டாள். அவன் காட்டினான். அல்பீனா தீதி வீட்டில் நண்டுக் குழம்பு. சாப்பிட்ட பிறகு வீடு வீடாகப் போனாள். எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள், நல்லதாகவே பேசினார்கள். உன் அட்டையில் அவர்கள் ஊர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்: “இதுல மறைக்க என்ன அத்தை இருக்கு? ஏன் சொல்லல அவரு?” நீயே அவரைக் கேள் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் கேட்பாள். நான் சொல்லிக் கொடுக்கும் பதில் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று, அவளிடமும் பொய் சொல்லிவிடாதே. அவள் நேரில் பார்த்தவள்.

கல்யாணம் முடிந்ததும் கராச்சர்மாவுக்கே வந்துவிடு, இங்கே தனியாக என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நான் இங்கே தனியாக இல்லை. அடுத்த மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறார்களாம், ஆள் இல்லாத வீடு பட்டியலில் ஏறாது என்று பேச்சு. பேச்சு பொய்யாகவும் போகலாம். இருந்தாலும் நம் வீட்டில் நான் இருப்பேன். பேரப்பிள்ளை பிறந்தால் வந்து பார்ப்பேன், பத்து நாள் இருப்பேன், திரும்பிவிடுவேன். உனக்கு வேண்டியபோது நீ வா. வழி உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பஸ்ஸில் வருகிறோம். நாலஞ்சு பேர் இல்லை, அறுபத்து மூன்று பேர். மாந்தர் மேளமும் வருகிறது. சமையல்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அப்பா இல்லாத வீட்டில் கூட நிற்க வேண்டியவன் அண்ணன். அதனால் மேடையில் உன் பக்கத்தில் மார்க்குஸ் நிற்பான், வெள்ளை வேட்டி வாங்கிவிட்டேன். ஐயர் கேட்டாலும், வேறு யார் கேட்டாலும், ‘என் அண்ணன்’ என்று நீ சொல். உனக்கு வாய் வரவில்லை என்றால் பேசாமல் இரு. நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா